முதுமையும் மனையும்: திருநெல்வேலித் தோட்டக் காணிகளிற் சீவிய உருத்து

யாழ்ப்பாணத்துக் காணியுரிமை பற்றிப் பேசுமிடத்துச் சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்னும் மூவகை ஆதனங்களே பெரிதும் எடுத்துரைக்கப்படுவதுண்டு. நிலத்தில் உழைத்து ஓய்ந்த கமக்காரன் தன் இறுதிக் காலத்தை எவ்வுரிமையின்பாற் கழித்தான் என்னும் வினாவும் அவற்றோடு இணைத்து நோக்கத்தக்கதே. திருநெல்வேலியை நிலைக்களனாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

திருநெல்வேலி செம்மண் தோட்டங்களாற் பெயர்பெற்ற ஊர். சுண்ணக்கல்லின்மேற் படிந்த அம்மண்ணைக் கிணற்று நீராலும் எருவாலும் குழை தாழ்த்தும் உழைப்பாலும் தலைமுறை தலைமுறையாக வளப்படுத்திப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவித்தனர். இங்கு நிலத்தை அளப்பது பரப்புக் கணக்கில். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. ஆகவே மனைக்கென ஒதுக்கும் இரண்டு பரப்பும் இவ்வூரிற் சிறு பொருளன்று.

1706 இல் ஒல்லாந்த ஆள்பதி சைமன்சின் பணிப்பின்படி திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் தொகுக்க முற்பட்ட தேசவழமை, 1707 இல் நிறைவுற்று, 12 முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலுவளித்தனர். தாய் தந்தையர் மூப்பெய்தித் தேடியதேட்டத்தை நிருவகிக்க இயலாதவிடத்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் பராமரிப்போம் என்னும் நிபந்தனையுடன் புதல்வர் அதனைத் தம்முட் பங்கிட்டுக்கொள்வர் என்பது அத்தொகுப்பிற் கூறப்படும் வழக்காகும். நிபந்தனை வெளிப்படையாகவே உரைக்கப்பட்டமை, அது மீறப்படலாம் என்னும் அச்சமும் அக்காலத்தே இருந்ததை உணர்த்துகின்றது எனலாம்.

அவ்வச்சத்துக்கு விடையாக நொத்தாரிசு உறுதிகளில் இடம்பெற்று வந்ததே சீவிய உருத்து. காணியையும் வீட்டையும் மகளுக்குச் சீதனமாகவோ மக்களுக்கு நன்கொடையாகவோ எழுதும் பெற்றோர், தாம் உயிருள்ளவரை அங்கு வாழும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொள்வர். காணி கைமாறும்; முதியோரின் இருப்பிடம் மாறாது. அவர்தம் மறைவுடன் அவ்வுரிமை அற்றுப்போகும். நிலம் அதன்பொருட்டுத் துண்டாவதில்லை.

இதனைப் பிறநாட்டு முறையொன்றுடன் ஒப்பிடுவோம். கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 1973 இல் விவசாய நிலங்களைச் சட்டத்தாற் காத்தது. அங்கு, 1972 திசம்பர் 21 இற்கு முன்பிருந்தே தம் பண்ணையை உடைமையாகக் கொண்டு அதில் வாழ்ந்த கமக்காரர், ஓய்வுபெறுங்கால் வீட்டு மனையைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். முதியவருக்கு அது முழு உரிமையளிப்பது. ஆயின் பிரிந்த மனை அவருக்குப் பின்னும் தனி மனையாகவே நிலைக்கும். நம் முறையோ நிலத்தைப் பிரியாது காலத்தையே பிரித்தது.

எனினும் இம்முறையை மிகைபடப் புகழ்தல் பொருந்தாது. சீவிய உருத்து மனையைத் துண்டாடாவிடினும், பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் வீடும் வளவும் வழங்கும் வழக்கம் தோட்டங்களைத் துண்டாடியது. 1921 இல் பரமேசுவராக் கல்லூரி நிறுவப்பெற்ற இடத்தில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தபின், சூழவிருந்த தோட்டங்கள் பல குடிமனைகளாயின. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியை நிரப்புவதைத் தடுத்தது. செம்மண் தோட்டத்துக்கு அத்தகைய காவல் அமையவில்லை.

மேலும், சீவிய உருத்து உறைவிடத்தைத் தருமேயன்றி உடனுறைவாரைத் தராது. 1980களின் பின் மக்கள் கடல்கடந்தமையால், உறுதியில் உரிமை பிழையாது நிற்கப் பராமரிப்பு மட்டும் இல்லாதொழிந்த வீடுகள் பலவாயின. 1707 இன் நிபந்தனை பராமரிப்பை முதன்மைப்படுத்தியது. பிற்கால உறுதியோ கூரையை முதன்மைப்படுத்தியது. தோட்டத்தைக் காக்கும் சட்டம் இனி இயற்றப்படுமாயின், இவ்விரண்டையும் ஒருங்கே கருதுதல் வேண்டும் என்பதே நாம் எய்தும் முடிபாகும்.