பட்டர் சிக்கன் யார் வீட்டுச் சொத்து?

ஒரு கறியை முதலில் சமைத்தது யார் என்று கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியுமா? போயிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. தொடுத்தவர்கள் மோத்தி மஹால் உணவகத்தின் குந்தன் லால் குஜ்ரால் குடும்பத்தார். எதிர்த்தரப்பு, 2019இல் தொடங்கிய 'தரியாகஞ்ச்' உணவகம். அதை நடத்துபவர்களில் ஒருவர் குந்தன் லால் ஜக்கியின் பேரன். பட்டர் சிக்கனும் தால் மக்கனியும் எங்க தாத்தா கொடுத்தது என்று இரண்டு தரப்புமே சொல்கிறது.

இந்த இரண்டு குந்தன் லால்களும் அந்நியர்கள் அல்லர். 1947 பிரிவினையில் பெஷாவரை விட்டு வந்து, டெல்லி தரியாகஞ்சில் கூட்டாகக் கடை போட்டவர்கள். பெஷாவரில் விட்டுவந்த கடையின் பெயரையே புதுக் கடைக்கும் வைத்தார்கள்: மோத்தி மஹால்.

குஜ்ரால் தரப்பு சொல்லும் கதை 1930களின் பெஷாவரில் நடக்கிறது. தந்தூரில் சுட்ட கோழி விற்காமல் மீந்தால் காய்ந்துபோகும். ஃபிரிட்ஜ் எல்லாம் ஏது? தக்காளி, வெண்ணெய், க்ரீம் சேர்த்த கிரேவியில் போட்டதும் கறி மறுபடி மெதுவானது. ஜக்கி தரப்பின் கதை 1947 டெல்லியில். ராத்திரி கடை சாத்தும் நேரம், பசியோடு ஒரு கூட்டம் வருகிறது. இருப்பதோ கொஞ்சம் கோழி. கிரேவி வைத்து எல்லாருக்கும் பங்கு வந்தது.

ஊரும் வருஷமும் ஏன் இவ்வளவு முக்கியம்? பெஷாவர் என்றால் பெருமை ஒரு மனிதருக்கு. டெல்லி என்றால் கூட்டாளிகளுக்கும் அதில் பங்கு உண்டு. 'கண்டுபிடித்தவர்கள்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் உரிமைதான் சண்டையின் மையம். கேட்கும் நஷ்டஈடு சுமார் 2 கோடி ரூபாய்.

இதே கதை கிளாஸ்கோவிலும் உண்டு. அங்கே பெயர் சிக்கன் டிக்கா மசாலா. 1970களில் ஒரு வாடிக்கையாளர் கோழி காய்ஞ்சு கிடக்கு என்று குறைபட, தக்காளி சூப் கொண்டு சாஸ் செய்து கொடுத்ததாகச் சொன்னவர் ஷிஷ் மஹால் உணவகத்தின் அலி அகமது அஸ்லம். 2022 டிசம்பரில் அவர் காலமானார். 2001இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், அந்தக் கறியை பிரிட்டனின் தேசிய உணவு என்றே பேசினார். 2009இல் கிளாஸ்கோ எம்.பி. முகமது சர்வார் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கேட்டார், கிடைக்கவில்லை.

மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் தட்டுப்பாடோ குறையோதான் தொடக்கம், தக்காளிதான் தீர்வு. அந்தத் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தது. சொல்கிறவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். வீடும் நிலமும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட குடும்பத்துக்கு, பத்திரம் இல்லாமல் கையோடு கொண்டுவர முடிந்த சொத்து கைப்பக்குவம் ஒன்றுதான். பேரன்கள் அதற்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்து சிரிக்கத் தோன்றவில்லை.

ஆனால் மூன்று கதைகளையும் சொல்வது முதலாளிகளும் அவர்களின் வாரிசுகளும்தான். தந்தூர் அடுப்பில் வெந்துகொண்டு நின்ற சமையல்காரர்களின் பெயர் எதிலும் இல்லை. கடை சாத்தும் நேரத்தில் கரண்டி யார் கையில் இருந்தது என்பதை எந்தத் தீர்ப்பு வந்து சொல்லும்?