ஜீயபுரம் வட்டாரத்தின் முதற்குடிகள்

திருவிழாக் காலங்களில் ஊர்தோறும் எழுகின்ற வினா ஒன்று உண்டு. இவ்வூருக்கு முதலில் வந்து குடியேறியோர் யாவர் என்பதே அது. பரிவட்டமும் முதல் மரியாதையும் வழங்கும் வேளையில் அவ்வினா வழக்காக மாறித் தேர் நிலையை விட்டு நகராமல் நின்ற ஊர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் இதனை வரலாற்று நெறிநின்று ஆராய்தல் நம் கடமையாகும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, கரூர்ச் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள ஜீயபுரத்தையும் அதன் அண்மை ஊர்களையும் இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

ஊர்ப்பெயர்களே முதற்கண் நமக்குக் கிட்டும் ஆவணங்கள். திருப்பராய்த்துறை, திருச்செந்துறை என்னும் இரு பெயர்களையும் நோக்குக. அந்தநல்லூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு இன்று வடதீர்த்தநாதர் என்பது திருநாமம். வடம் என்பது ஆலமரம். தீர்த்தம் என்பது துறை. பழங்கல்வெட்டுகள் அவ்விடத்தை ஆலந்துறை என்றே கூறும். பராய் மரம் நின்ற துறை பராய்த்துறை. ஆல மரம் நின்ற துறை ஆலந்துறை. ஆற்றில் இறங்க ஒரு துறை, வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம், அம்மரத்தடியில் வழிபட ஒரு தெய்வம். இம்மூன்றும் கூடிய இடத்திலே மக்கள் தங்கினர். இப்பெயர்களில் அரசன் பெயரும் இல்லை. குலத்தின் பெயரும் இல்லை. முதற்குடிகள் தம் பெயரை விட்டுச் செல்லாமல், தமக்கு நிழல் தந்த மரத்தின் பெயரையும் நீர் தந்த துறையின் பெயரையுமே நமக்கு விட்டுச் சென்றனர் என்க.

திருஞானசம்பந்தப் பெருமானும் அப்பரடிகளும் பராய்த்துறையைப் பாடியருளினர். ஆகவே ஏழாம் நூற்றாண்டிலேயே அங்கே திருக்கோயிலும் அடியார் கூட்டமும் விளங்கின என்பது தெளிவு. ஐப்பசி முதல் நாளில் பராய்த்துறையில் முதல் முழுக்கும், அம்மாத இறுதியில் மயிலாடுதுறையில் கடைமுழுக்கும் ஆடுகின்ற மரபு இன்றும் நிலவுகின்றது. அத்துறையில் முழுகுவோரை நீ எவ்வூரான் என்று காவிரி வினவுவதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் இக்கரையில் கற்றளிகள் எழுந்தன. அவற்றை எழுப்பியோரில் கொடும்பாளூர் இருக்குவேளிர் தலையாயவர். அந்தநல்லூர் ஆலந்துறைக் கோயிலைக் கல்லால் அமைத்தவன் செம்பியன் இருக்குவேளாகிய பூதி பராந்தகன். ஈசானமங்கலம் எனப்பட்ட திருச்செந்துறையில் கற்றளி எடுப்பித்தவர் பூதி ஆதித்தபிடாரி என்னும் பெருமாட்டி. இவர் தென்னவன் இளங்கோவேளின் மகளார். முதற் பராந்தகனின் மைந்தனாகிய அரிகுலகேசரியின் தேவியார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்மணியின் திருப்பணி கல்லில் பொறிக்கப்பெற்றிருப்பதை நம் தாய்மார்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்விருக்குவேளிர் மரபில் தோன்றியவரே இடங்கழி நாயனார். அடியார்க்கு அமுதூட்டி வந்த ஓரன்பர், பொருள் அற்ற நிலையில், அரசராகிய இவருடைய நெற்கொட்டாரத்திலேயே களவு செய்யப் புகுந்து அகப்பட்டார். காரணம் அறிந்த நாயனார், இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று கருதிப் பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டார். அக்குலத்தார் காவிரிக்கரைக்குக் கோயில் எடுக்க வந்தபோது படைவலியோடு இந்த மரபையும் உடன் கொணர்ந்தனர் எனலாம்.

அரசர் பெயர் கல்லில் நிற்கின்றது. ஏனையோர்? சோழநாட்டுக் கல்வெட்டுகளைப் பயில்வோர் நந்தா விளக்குக்கு விடப்பட்ட சாவா மூவாப் பேராடுகளைப் பற்றி அறிவர். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றை ஏற்று, நாள்தோறும் நெய் அளந்தவர் இடையர். மாலை தொடுத்தோர், முழவு கொட்டினோர், நிலம் உழுதோர் எனக் கோயிலைச் சூழ்ந்தே குடிகள் பெருகின. பேட்டைவாய்த்தலைப் பகுதியில் காவிரியினின்று பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், அப்பட்டம் பூண்ட முதலாம் இராசராசன் காலத்தது என்பர். வாய்க்காலுக்கு அரசனின் சிறப்புப்பெயர். மண்வெட்டி பிடித்தவனுக்குப் பெயர் இல்லை. ஆயினும் அவன் வெட்டிய வழியேதான் தண்ணீர் ஓடுகின்றது.

இனி ஜீயபுரம் என்னும் பெயர். ஜீயர் என்பது வைணவத் துறவியரைக் குறிக்கும் சொல். துறைகளுக்கு இடையே புரம் ஒன்று எழுந்தது பிற்கால வரவைக் காட்டும். பங்குனித் திருநாளில் திருவரங்கத்து நம்பெருமாள் இவ்வூர் மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார். அதற்கு வழங்கும் வரலாறு உருக்கமானது. இவ்வூர் மூதாட்டி ஒருத்தியின் பேரன் காவிரியில் நீராடச் சென்று வெள்ளத்தில் அகப்பட்டான். அவள் அரங்கா என்று கதறவே, பெருமாள் பேரன் வடிவில் வந்து அவள் இட்ட பழஞ்சோற்றையும் மாவடுவையும் உண்டார். மெய்யான பேரனும் உயிரோடு திரும்பினான் என்பர். நாம் சைவராயினும் இதனைக் கேட்டு மகிழத் தடையில்லை. வந்திக்காகப் பிட்டுக்கு மண் சுமந்த பெருமானை வழிபடுவோர்க்கு ஏழைக் கிழவியின் உணவு எத்துணை உயர்ந்தது என்பது தெரியும்.

பின்னரும் குடிகள் வந்தவண்ணமே இருந்தனர். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டுவித்தார். 1860-களில் திருச்சியிலிருந்து ஈரோடு வரை இருப்புப்பாதை அமைந்தது. 1942-இல் சித்பவானந்த அடிகள் திருப்பராய்த்துறையில் இராமகிருஷ்ண தபோவனத்தைத் தோற்றுவித்தார். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் காவிரிக்கரை ஊர்களை அலைக்கழித்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பகுதியின் மதகுகள் ஒன்பது உடைந்து வீழ்ந்தன. முன்வந்தோர் வீடு, பின்வந்தோர் வீடு என வெள்ளம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இவற்றால் பெறப்படுவது யாது? துறைக்கு வந்தோரும், தளி எடுக்க வந்தோரும், மடம் கட்ட வந்தோரும், இருப்புப்பாதை வழியே வந்தோரும் ஆகிய யாவரும் வந்தவர்களே. நம் சித்தாந்தத்தின்படி உயிரும் அநாதி. ஆனால் அது எடுக்கும் உடலும் வாழும் ஊரும் இடையில் வந்தவை. ஓர் ஊரின் மெய்யான முதற்குடி அங்கே எழுந்தருளியிருக்கும் இறைவன் ஒருவனே. முதல் மரியாதை அவனுக்கு உரியது. நமக்கு வருவது அவன் பிரசாதம். பிரசாதத்திற்கு வரிசை பேசுதல் அடியார்க்கு அழகன்று.

ஒரு வேண்டுகோள் உண்டு. திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டுள்ள சுவரைக் கொத்துவதும், சுண்ணாம்பு பூசுவதும், சலவைக்கல் பதிப்பதும் வேண்டா. அவ்வெழுத்துகளே நம் முன்னோரின் பெயர்ப்பதிவேடு. அதனை அழித்துவிட்டு நாங்களே முதலில் வந்தோம் என்று வாதிட்டால் சான்றுக்கு எங்கே போவது? வடம் பிடிக்கும்போது முன்கை, பின்கை என்ற பேதம் பாராது ஒருசேர இழுப்போமாக. தேர் தானே நிலைக்கு வந்து சேரும்.

திருச்சிற்றம்பலம்.