பாமினிக் கோப்புகளும் பழைய பேஜ்மேக்கரும்

கல்முனைக்கு அருகேயுள்ள நற்பிட்டிமுனையிலும் அதைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் கணனித் தமிழின் வரலாற்றைத் தேடுபவர் அச்சகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஈயத் துண்டுகளைக் கையால் அடுக்கி அச்சுக்கோத்த காலம் முடிந்த பிறகு, இலங்கையின் தமிழ் அச்சுத்தொழில் பெருமளவுக்குப் பாமினி எழுத்துருவையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நம்பியே நடந்தது. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பள்ளிவாசல் நாட்காட்டி, பாடசாலை ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு எல்லாம் அந்த வழியாகவே வெளிவந்தன. அவற்றின் மூலக் கோப்புகள் இன்று இறுவட்டுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் பழைய மென்பொருளைப் புதிய கணனிகளிலும் இயங்கவைப்பது சோம்பேறித்தனம் என்றோ பழமைப்பற்று என்றோ பலர் நினைக்கிறார்கள். நான் அதை நூலகப் பணியின் ஒரு பகுதியாகவே காண்கிறேன்.

பாமினியின் உள்ளமைப்பைப் பார்த்தால் காரணம் தெரியும். அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளை வரிசையாகத் தட்டினால் ‘தமிழ்’ என்று திரையில் வரும். கணனியின் நினைவில் இருப்பதோ அந்த ஆங்கிலக் குறிகள் மட்டுமே. விசைகளின் ஒழுங்கு பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியிலிருந்து வந்தது. நடு வரிசையில் ய, ள, ன, க, ப என்று தொடங்கும் அதே அடுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சு மரபு இப்படியாகக் கணனிக்குள்ளும் நுழைந்தது. அதனால் தட்டச்சுத் தெரிந்தவர் எவரும் புதிதாக அதிகம் கற்காமலே கணனியில் வேலை செய்ய முடிந்தது. எந்த மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோட் என்ற ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது, விண்டோஸ் 2000இல் அதற்கான வசதியும் வந்தது. ஆனாலும் அச்சகங்கள் மாறவில்லை. பேஜ்மேக்கரை விடாதவரை மாறவும் முடியாது, ஏனெனில் அதற்கு ஒருங்குறியே தெரியாது.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர் 1994இல் அடோபியின் கைக்குப் போனது. 2001இல் வந்த ஏழாம் பதிப்பே கடைசி. பின்னர் வந்த இன்டிசைன் சில காலம் பழைய கோப்புகளைத் திறந்தது, சிஎஸ்6க்குப் பிறகு அதுவும் நின்றது. 16-பிட் காலத்துப் பேஜ்மேக்கர் 5 இன்றைய 64-பிட் விண்டோஸில் இயங்காது. ஏழாம் பதிப்பை முயன்று இயக்கலாம். எல்லாவற்றிலும் உறுதியான வழி, புதிய கணனிக்குள் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, பழைய நிரலை அதன் சொந்தச் சூழலிலேயே ஓடவிடுவதுதான்.

‘இவ்வளவு பாடு எதற்கு? பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள்தான் இலவசமாகக் கிடைக்கின்றனவே’ என்பது முதல் மறுப்பு. கருவிகள் இருக்கின்றன, பயனுள்ளவையும்கூட. ஆனால் அவை எழுத்துக் கோவையை மட்டுமே பார்க்கின்றன. ஒரு நூலில் தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால், எது பாமினி, எது ஆங்கிலம் என்ற தகவல் பேஜ்மேக்கர் கோப்பில்தான் இருக்கிறது. வெறும் உரையாகப் பிரித்தெடுத்தவுடன் அந்தத் தகவல் அழிந்துவிடும். டி, எச், இ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கருவி ‘வாந’ என்று மாற்றித் தரும். நூற்பட்டியலும் அடிக்குறிப்பும் நிறைந்த ஓர் ஆய்வு நூலில் இது எத்தனை இடங்களில் நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய நிரல் இயங்கினால் எழுத்துருவை வைத்துச் சொற்களைப் பிரித்து, பாமினியில் உள்ளதை மட்டும் மாற்ற முடியும்.

இன்னொரு சிக்கல் ஔகாரம். பாமினியில் ஔகாரக் குறியின் வால் தனியாக இல்லை, ளகரத்தையே இட்டார்கள். ஆகவே கவனமில்லாத கருவி ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்று ஆக்கிவிடுகிறது. இலங்கைத் தமிழ் இணையத்தில் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது. ளகரத்தின் பின்னே உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்து இதைத் திருத்தலாம். ஆனால் ‘மௌலவி’ என்ற சொல்லையும், கதை உரையாடலில் வரும் ‘வெளங்குதா’ என்ற பேச்சு வழக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் விசை வரிசை ஒரே அமைப்பு: கொம்பு, மெய், ளகரம். முதலாவது ஔகாரம், இரண்டாவது எகரமும் ளகரமும். எழுத்து வரிசையை மட்டும் பார்க்கும் எந்த விதியாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. அந்தப் பேச்சை அறிந்த ஒருவர், அச்சிட்ட பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திரையில் வைத்து வாசித்துத்தான் தீர்க்க வேண்டும். கிழக்கின் முஸ்லிம் எழுத்தில் இரண்டு வகைச் சொற்களும் அடுத்தடுத்த வரிகளிலேயே வரக்கூடும்.

‘அச்சு நூல் இருக்கிறது, நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை வருடி வைக்கிறது, எழுத்துணரிகளும் தேறிவிட்டன’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. அச்சேறிய நூல்களுக்கு இது பெருமளவு பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். நூலகத்தின் பணி இல்லாவிட்டால் பல நூல்களின் பெயர்கூட மிஞ்சியிராது. ஆனால் அச்சேறாத இரண்டாம் பதிப்புத் திருத்தங்களையும் பாதியில் நின்ற தொகுப்புகளையும் வருட முடியாது. காகிதமும் இந்தக் கரையில் உறுதியானதல்ல. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளோடு புத்தக அலுமாரிகளும் போயின. அன்று கணனிகளும்தான் நனைந்தன, ஆனாலும் ஓர் இறுவட்டுக்குப் பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்கச் சில நிமிடம் போதும்.

பழைய கோப்புகளைத் திறக்க முடியாத இந்தச் சிக்கலுக்கு வளமான நாடுகளும் தப்பவில்லை. 1986இல் பிபிசி பெருஞ்செலவில் லேசர் வட்டுகளில் தொகுத்த டூம்ஸ்டே திட்டத்தை, பதினைந்தே ஆண்டுகளில் எளிதாக வாசிக்க முடியாமற் போனது. பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதித்தான் ஆய்வாளர்கள் அதை மீட்டார்கள். அந்தத் திட்டத்துக்குப் பெயர் தந்த, 1086இல் தோலில் எழுதப்பட்ட இங்கிலாந்தின் மூல டூம்ஸ்டே நிலப்பதிவேடு அப்போதும் வாசிக்கக்கூடியதாகவே இருந்தது.

பழைய நிரலை வாழவைத்தால் தட்டச்சாளர்கள் ஒருங்குறிக்கு வரவே மாட்டார்கள் என்ற கவலையும் நியாயமானது. புதிதாக எழுதுவதெல்லாம் ஒருங்குறியில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நான் கேட்பது வாசிப்பதற்கான வழி. 2014 ஏப்ரலுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன எக்ஸ்பியை இணையத்தில் இணைக்கக் கூடாது. இணைப்பற்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் அது இருந்தால் ஆபத்து மிகக் குறைவு.

ஒவ்வொரு அச்சகக் கோப்போடும் அதே எழுத்துருக் கோப்பு, நிரலின் பதிப்பு எண், அச்சிட்ட ஒரு பிரதி ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். அச்சகங்களில் பாமினி மட்டும் இருக்கவில்லை, வேறு விசையமைப்புக் கொண்ட எழுத்துருக்களும் புழங்கின. எந்த நூலுக்கு எது என்பதைக் கோப்பின் பெயர் சொல்லாது, வடிவமைத்தவர் சொல்வார். அவர்களில் பலர் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். பாடசாலை மலர் ஒன்றைத் திறந்து, அவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை ஒரு பொது நூலகமோ, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ இப்போதே தொடங்கலாம்.