பட்டியலில் பேர் இருக்கா?

1970களில் உங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்து, அதை இன்டர்நெட்டின் தாத்தாவான அர்பாநெட்டில் சேர்த்து, அதற்கு ஒரு பெயரும் வைக்கவேண்டும் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? போன் செய்திருப்பீர்கள். அதுவும் கலிஃபோர்னியாவில் ஆபீஸ் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து.

அங்கே மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. என்றொரு ஆராய்ச்சி நிறுவனம். அதில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணி. எல்லோரும் 'ஜேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியல் படித்தவர், 1972ல் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். எந்த கம்ப்யூட்டருக்கு என்ன பெயர், அதன் எண் முகவரி என்ன என்கிற ஜாதகம் மொத்தமும் அவருடைய அலுவலகத்தில்தான். ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்று ஒரே ஒரு ஃபைல். புதுசாக யாராவது வந்தால் அதில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவ்வப்போது வந்து அந்த ஃபைலைக் காப்பி எடுத்துக்கொண்டு போகும்.

நன்றாகத்தான் இருந்தது, கூட்டம் கொஞ்சமாக இருந்தவரை. கம்ப்யூட்டர்கள் சில நூறானதும் மூச்சு முட்டியது. காப்பி எடுக்க வருகிறவர்கள் க்யூவில் நின்றார்கள். எடுத்துப்போன காப்பியோ, போய்ச் சேருவதற்குள் பழசாகிவிட்டது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஐந்து யோசனைகள் வந்தன. ஐந்தையும் சமரசம் செய்து ஒன்றாக்கிக் கொடு என்று பால் மொக்காபெட்ரிஸ் என்கிற இளைஞரிடம் சொன்னார்கள். அவர் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டு, 1983ல் ஆறாவதாக ஒன்றைச் செய்தார். டி.என்.எஸ். ஒரே ஆள் ஏன் ஊர்ப் பட்டியலைச் சுமக்கவேண்டும்? அவரவர் தெருப் பட்டியலை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். எந்தத் தெருவுக்கு யாரைக் கேட்பது என்பது மட்டும் மேலே இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். இன்றைக்கும் நீங்கள் பிரவுசரில் ஒரு பெயரை அடித்தால், பின்னால் ஓடுவது இந்த ஏற்பாடுதான்.

ஆச்சா? 'எங்கே இருக்கிறார்' என்ற கேள்விக்கு பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பத்து வருஷத்தில் அடுத்த கேள்வி வந்தது. 'யாருக்கு இப்போது கை காலி?'

1993ல் மொஸெய்க் பிரவுசர் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ. என்ற மையத்தின் தயாரிப்பு. உலகமே அவர்களுடைய வெப்சைட்டில் வந்து விழுந்தது. ஒரு சர்வர் தாங்கவில்லை. ஒரே மாதிரி பல சர்வர்களை வைத்தார்கள். டி.என்.எஸ்.ஸிடம், 'வருகிற ஆளுக்கு ஒருத்தர் முகவரியாகச் சுற்றில் சொல்லு' என்றார்கள். முதல் ஆள் ஒன்றாம் கவுன்ட்டர், அடுத்த ஆள் இரண்டாம் கவுன்ட்டர். பந்தியில் பரிமாறுகிற கணக்கு. 1994லேயே இதை ஜெனீவா மாநாட்டில் விளக்கினார்கள். லோட் பேலன்சிங், அதாவது சுமையைப் பங்குபோடுதல்.

இதில் ஒரு ஓட்டை. இரண்டாம் கவுன்ட்டர்காரர் மயங்கி விழுந்துகிடந்தாலும், டி.என்.எஸ். பாட்டுக்கு அங்கே ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் காமர்ஸ் படித்தவன். பேரேட்டில் பெயர் இருப்பதாலேயே கடன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லை என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம்.

இந்தப் பாடத்தை ஊருக்கே உரக்கச் சொன்னது நெட்ஃபிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாள் ஒரு டி.வி.டி.கூட அனுப்பமுடியவில்லை. ஒரே பெரிய மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிவைத்ததுதான் தப்பு என்று முடிவு செய்தார்கள். அமேசானின் கிளவுடில் இடம் பிடித்து, மூட்டையை நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்தார்கள். முடிக்க 2016 ஜனவரி ஆனது.

ஆனால் கிளவுடில் சர்வர்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் பிறக்கும், சாகும். முகவரி மாறிக்கொண்டே இருக்கும். யார் எங்கே என்று எப்படித் தெரியும்? அதற்காகச் செய்ததுதான் யுரேகா. 2012ல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். சர்வீஸ் டிஸ்கவரி என்பது இதுதான். ஒவ்வொரு சர்வீஸும் பிறந்தவுடன் தன் பெயரைத் தானே எழுதிவைக்கும். பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை 'உள்ளேன் ஐயா' சொல்லவேண்டும். 90 விநாடி சத்தமே இல்லையா? பெயரை அடித்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குள் மட்டும் வேலை பங்குபோடப்படும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் குரல் கொடுக்கவில்லை என்றால், யுரேகா யார் பெயரையும் அடிக்காது. 'அத்தனை பேருமா செத்திருப்பார்கள்? என் காதில்தான் கோளாறு' என்று தன்னையே சந்தேகப்படும். அந்தப் பணிவு எல்லாப் பட்டியலுக்கும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2025 அக்டோபர் 20. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் டைனமோ டி.பி. என்கிற டேட்டாபேஸ் சேவை. அதன் முகவரிப் பட்டியலை மனிதர்கள் தொடுவதில்லை, புரோகிராம்களே திருத்தும். ஒரு புரோகிராம் எங்கோ தாமதமாகி, பழைய பட்டியலைக் கொண்டுவந்து புதுசின் மேல் ஒட்டிவிட்டது. இன்னொன்று, 'இது ரொம்பப் பழசாச்சே' என்று சுத்தம் செய்துவிட்டது. மிஞ்சியது, முகவரியே இல்லாத ஒரு பெயர். சர்வர்கள் எல்லாம் திடமாக நின்றுகொண்டிருந்தன, கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. அதை நம்பியிருந்த மற்ற சேவைகளும் வரிசையாகத் தடுமாறின. ஸ்னாப்சாட் போனது, ஃபோர்ட்நைட் போனது, வீட்டு அலெக்ஸா வாயை மூடிக்கொண்டது. எல்லாம் சரியாகச் சுமார் 15 மணி நேரம் பிடித்தது.

புரோகிராம்களால் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. கடைசியில் மனிதர்கள் உட்கார்ந்து, கையால்தான் அந்த முகவரிகளைத் திரும்ப எழுதவேண்டியிருந்தது.

ஜேக் ஃபெயின்லரின் அலுவலகத்தில் செய்த அதே வேலை.