விடுவிப்புச் சீட்டின் வரலாறு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு, சம்பளம் கொடுக்கும் முதலாளியே அங்கே தங்கும் உரிமைக்கும் பொறுப்பாளர் என்று சட்டம் வைத்துவிட்டால், வேலை போகும் நாளில் தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. வேறிடத்தில் சேர வேண்டுமானால் பழைய முதலாளி கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று பெயர், வளைகுடாவில் ‘என்.ஓ.சி.’; தென் கொரியாவின் ஆங்கிலப் பயிற்சி நிலையங்களில் ‘விடுவிப்புக் கடிதம்’. கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்களுக்கு இந்தத் தாளோடு 160 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து தொடங்கலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 இந்தியர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். இன்றைய பெரியபாளையம், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டமும், அடுத்திருந்த வடஆற்காடும் ஆள்பிடிப்பு மிகுந்த மாவட்டங்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டு. மாதக்கூலி பத்து ஷில்லிங்கில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் ஆண்டில் பதினான்கில் நிற்கும்.

சாதாரண வேலையாள் சொல்லாமல் விலகினால் முதலாளி உரிமையியல் வழக்குத்தான் போட முடியும். ஒப்பந்தக் கூலி விலகினால் அது குற்றம், தண்டனை சிறை. அடி தாங்காமல் ஓடியவருக்கும் இதே விதிதான். 1894இல் டர்பனில் வழக்கறிஞராக இருந்த காந்தியிடம், முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி வந்து நின்ற பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலியின் சிக்கல் இதுவே. காந்தியின் தமிழ் எழுத்தர் அவர் கதையைக் கேட்டுச் சொன்னார். முதலாளியைத் தண்டிப்பது காந்தியின் நோக்கமாக இருக்கவில்லை. பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே நோக்கம். அதற்கு இரண்டே வழிகள் இருந்தன. கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ வேறொருவருக்கு மாற்றவோ வேண்டும். இல்லையெனில் முதலாளியே விட்டுக்கொடுக்க வேண்டும். புதிய முதலாளியும் ஐரோப்பியராக இருந்தாக வேண்டும். அப்படி ஒருவரைக் காந்தி தேடிப்பிடித்தார். ஒப்பந்தம் அவர் பெயருக்கு மாறியது. கொடுமை நிரூபணமான பிறகும் அந்தக் கூலிக்குக் கிடைத்தது வேறொரு முதலாளிதான்.

ஐந்தாண்டு முடிந்தாலும் சிக்கல் முடியவில்லை. நேட்டால் அரசின் 1895ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வழிகளை வைத்தது: மறுபடி ஒப்பந்தத்தில் சேரலாம், ஊர் திரும்பலாம், இரண்டும் வேண்டாமென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டித் தங்கலாம். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், அதாவது பத்து ஷில்லிங் கூலிக்காரரின் ஆறு மாத வருமானம். வரி ஆளுக்கு ஆள் விழுந்தது. பதினாறு வயதைத் தாண்டிய மகனும் பதின்மூன்றைத் தாண்டிய மகளும் தனித்தனியே கட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் தங்குவதற்கு விலை வைத்த இந்த வரி, 1913இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் 1914இல் நீக்கப்பட்டது.

இலங்கையில் ஏற்பாடு வேறு. தோட்டத் தொழிலாளி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டவர் அல்லர். சட்டப்படி மாதக் கணக்கில் வேலை பார்ப்பவர், முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். அவரைப் பிடித்து வைத்தது கடன். ஊரில் ஆள்சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் அவர் பெயரில் பற்றாக ஏறின. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், தோட்டத் துரை ஒரு துண்டு எழுதிக்கொடுப்பார்: இன்ன தொகை கட்டினால் இத்தனை பேரை விடுவிப்பேன் என்று. அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். பணம் கட்ட முன்வரும் துரையிடம் ஆட்கள் போய்ச் சேர்வார்கள். கட்டிய தொகை அவர்கள் தலையில் புதுக்கடனாக ஏறும். ஆள் தட்டுப்பாடு வந்த காலங்களில் துண்டின் தொகை கூடிக்கொண்டே போனது. துண்டு இல்லாமல் போனவர் ஓடிப்போனவராகக் கருதப்பட்டார். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி அதற்கும் தண்டனை உண்டு. இந்திய அரசும் இந்தியத் தலைவர்களும் கொடுத்த நெருக்குதலுக்குப் பின் 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

அதன் பிறகும் வேலை நீக்கத்தின் சுமை குறையவில்லை. ‘பற்றுச்சீட்டு கொடுத்தார்கள்’ என்றால் மலையகத்தில் வேலை போனது என்று பொருள். குடியிருந்த லயக் காம்பராவும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால் வேலையோடு கூரையும் போனது. மலாயாவில் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, வேலையிழந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பப்பட்டனர். நிலைமை மேம்பட்ட பிறகு மறுபடி ஆள் எடுத்தார்கள். கூலித் தகராறு முற்றியதால் 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலிகள் போவதைத் தடுத்தது.

1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா திறந்தது. தமிழக அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாக 1983இல் இந்தியாவில் புதிய சட்டம் வந்தது. வளைகுடாவில் நடைமுறையில் இருந்தது கஃபாலா. கபீல் எனப்படும் பொறுப்பாளரின் பெயரில்தான் விசாவும், இகாமா என்ற தங்கும் அட்டையும் இருக்கும். கபீல் என்.ஓ.சி. தராவிட்டால் வேறு வேலைக்குப் போக முடியாது. வேலைக்கு வரவில்லை என்று அவர் ‘ஹுரூப்’ பதிந்தால், சம்பளப் பாக்கி வரவேண்டியிருப்பவரே சட்டவிரோதக் குடியேறியாகிவிடுவார். ஐக்கிய அரபு அமீரகத்தில் என்.ஓ.சி. இல்லாமல் விலகியவருக்கு ஆறு மாத வேலைத் தடை விழுந்தது; கத்தாரில் ஊர் திரும்பி இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்தது. பஹ்ரைன் 2009இல் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற வழிவிட்டது. பிறகு ஓராண்டுப் பணியை நிபந்தனையாக்கியது. அமீரகம் 2011 முதல் இரண்டாண்டு முடித்தவருக்கு என்.ஓ.சி. தேவையில்லை என்றது. கத்தார் 2020இல் என்.ஓ.சி.யையே நீக்கியது, இரண்டாண்டு வரை பணிபுரிந்தவர் ஒரு மாதமும் அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாதமும் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். சவூதி அரேபியாவில் 2021 மார்ச் 14 முதல் ஓராண்டு முடித்தவர் மாறலாம். ஆனால் வீட்டு வேலையாள், வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர் இதில் சேரவில்லை.

வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஆசிரியரோ, படித்தவர் என்பதாலேயே இந்திய அரசின் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிற்கிறார். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில் பத்தாம் வகுப்பு தேறாதவருக்கே குடிபெயர்வு அனுமதி தேவை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு சவூதிக்குப் போகும், பத்தாவது தேறாத வெல்டரின் ஒப்பந்தத்தைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்க்கிறது. பெரியபாளையத்திலிருந்து போகும் பி.எட். பட்டதாரியின் ஒப்பந்தத்தை எந்த அலுவலகமும் பார்ப்பதில்லை. செவிலியருக்கு 2015இல் தனி ஏற்பாடு வந்தது, ஆசிரியருக்கு வரவில்லை. தமிழகத்து ஆசிரியர்கள் ஏராளமாகப் போகும் மாலத்தீவு அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை.

தென் கொரியாவின் இ-2 விசா பழைய முறைக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டினருக்கான இந்த விசாவில் ஆசிரியர் ஒரு பயிற்சி நிலையத்தின் பெயரோடு கட்டப்படுகிறார். அந்த ஏழில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. நேட்டால் கூலியின் கொள்ளுப்பேத்தி இன்று சியோலில் ஆங்கிலம் கற்பிக்கத் தகுதி உடையவர். இந்தியாவுடனான 2010ஆம் ஆண்டு வணிக உடன்பாடு, ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியருக்கும் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேர வழிவிட்டது. ஆசிரியரை நீக்கினால் நிறுவனம் 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடம் மாற விடுவிப்புக் கடிதம் வேண்டும். அது கிடைக்காதவர் வேலை தேடுவோருக்கான டி-10 விசாவுக்கு மாற முயலலாம்; அல்லது நாட்டை விட்டு வெளியேறிப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

ஜப்பானில் விசா நிறுவனத்தோடு கட்டப்படவில்லை. செய்யும் தொழிலோடு கட்டப்பட்டுள்ளது. ஆசிரியர் வேலையிழந்தால் 14 நாளுக்குள் தெரிவித்துவிட்டு, அதே தகுதிநிலையில் வேறு வேலை தேடலாம். மூன்று மாதத்துக்கு மேல் காரணமின்றிச் சும்மா இருந்தால் தகுதிநிலை ரத்தாகக்கூடும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் 2017 முதல் 60 நாள் அவகாசம் உண்டு. அமீரகமும் 2022க்குப் பின் முன்பிருந்த 30 நாளைப் பல பிரிவினருக்கு நீட்டித்தது. இந்நாடுகளில் வேலையிழந்தவர் இப்போது எண்ண வேண்டியது நாட்களை. பழைய முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.