மேழி வடிவும் பிஸ்லி வடிவும்: ஒற்றைச்செயல் ரிவால்வரின் கைப்பிடி வரலாறு

ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டிய, விசையை அழுத்தினால் அந்தச் சுத்தி விழுவது ஒன்றே நிகழும் துப்பாக்கி ஒற்றைச்செயல் ரிவால்வர் எனப்படும். இவ்வகைத் துப்பாக்கியின் கைப்பிடிக்கு இரண்டு வேலைகள் உண்டு: குண்டு வெளியேறும் கணத்தில் கையைப் பின்னோக்கித் தாக்கும் பின்னுதைப்பைத் தாங்குவது ஒன்று, அடுத்த குண்டுக்காகக் கட்டைவிரல் சுத்தியை எட்டுவதற்குப் பிடி சற்றே இளகி இடம் தருவது மற்றொன்று. ஒன்று இறுக்கத்தையும் மற்றொன்று இளக்கத்தையும் வேண்டுவதால், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கத் துப்பாக்கி வினைஞர்கள் இந்தக் கைப்பிடியின் வளைவைத் திருத்தியும் நீட்டியும் வந்திருக்கின்றனர்.

சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தயாரித்த முதல் ரிவால்வர்களில் விசைக்குக் காப்பு வளையமே இல்லை. சுத்தியை இழுக்கும்போதுதான் விசை கீழே இறங்கும். அந்தத் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்ட பின்னர், படைத் தலைவர் சாமுவேல் வாக்கரின் ஆலோசனையுடன் 1847இல் உருவான வாக்கர் ரிவால்வர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்தது. அவ்வளவு பெரும் எடையே பின்னுதைப்பை விழுங்கிவிட்டதால் கைப்பிடியின் வடிவம் அங்கே பெரிய கேள்வியாக எழவில்லை. கைப்பிடி ஒரு கலைப்பொருளின் நிறைவை எட்டியது 1851ஆம் ஆண்டின் நேவி ரிவால்வரில்தான். உள்ளங்கையின் பின்புறத்தை ஒட்டி வளையும் பின்பட்டை, விரல்கள் சுற்றிப் பிடிக்கும் முன்பட்டையோடு இணைந்த விசைக் காப்பு வளையம் ஆகிய இரு உலோகத் துண்டுகளைத் திருகாணிகளால் பூட்டி, அவற்றின் நடுவே ஒரே மரத்துண்டைச் செருகி அமைத்த அந்தப் பிடி, 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்னும் புகழ்பெற்ற ரிவால்வருக்கும் ஏறக்குறைய அப்படியே சென்று சேர்ந்தது.

கலப்பையின் மேழியைப் போலக் கீழ்நோக்கி வளைந்து செல்வதால் அமெரிக்கர் இதனை ஏர்ப்பிடி வடிவம் என்றே அழைக்கின்றனர். இதன் சிறப்பு, பின்னுதைப்பை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிடுவதில் இருக்கிறது. குழல் கைக்கு மேலே உயரத்தில் இருப்பதால், சுட்டவுடன் துப்பாக்கி உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருள்கிறது. உருண்டு நிற்கும் இடத்தில் சுத்தி தானாகவே கட்டைவிரலுக்கு அருகில் வந்துவிடுகிறது. சுத்தியை இழுத்தபடியே சுடுபவர் குழலைக் கீழே இறக்கி மீண்டும் குறிவைக்கிறார். 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் கரும்பொடியால் 255 கிரெயின் ஈயக் குண்டை உந்திய அன்றைய .45 தோட்டாவின் வேகத்துக்கும், குதிரை மேலிருந்து ஒற்றைக் கையால் சுடும் வழக்கத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பிடி இருந்திருக்க முடியாது. ஆனால் இது வேட்டைக்கென வகுத்த வடிவம் அன்று.

முதல் பெரிய மாற்றம் இங்கிலாந்தின் குறிபார்ப்புப் போட்டிகளை முன்னிட்டு வந்தது. பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் 1890இல் தன் ஆண்டுப் போட்டிகளை விம்பிள்டனிலிருந்து சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்கு மாற்றியது. அங்கே சுடுபவர்களைக் கருதி 1894இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட ரிவால்வர் அந்த ஊரின் பெயரையே பெற்றது. அதன் பின்பட்டை விசைக்குப் பின்னே உயரமாக ஏறி, பிறகு மேழியைக் காட்டிலும் செங்குத்தாக இறங்கியது; சுத்தியின் நுனி தாழ்ந்தும் அகன்றும் இருந்தது; விசையும் அகலமாக வளைந்தது. கை குழலுக்கு நெருக்கமாக ஏறிப் பிடிப்பதால் துப்பாக்கி உருள்வதற்குப் பதிலாக நேராகப் பின்னே தள்ளியது. நின்ற இடத்திலிருந்து நிதானமாக ஒரே இலக்கைப் பார்த்துச் சுடுபவருக்கு இது வசதி. இடுப்புறையிலிருந்து விரைந்து உருவுபவருக்கோ பிடியின் கொக்கி போன்ற வளைவு இடையூறு. கோல்ட் நிறுவனம் 1912 அளவில் பிஸ்லியின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அழகற்றது என்று அன்று பலர் ஒதுக்கிய அந்தப் பிடிக்கு இன்னொரு வாழ்வு காத்திருந்தது.

அந்த வாழ்வைத் தொடங்கிவைத்தவர் எல்மர் கீத். 1899இல் பிறந்து, ஐடஹோ, ஓரிகன் மலைப்பகுதிகளில் மாடு மேய்த்தும் வேட்டை வழிகாட்டியாக உழைத்தும் வாழ்ந்த அவர், வேட்டைத் தோட்டாக்களைத் தாமே நிரப்பி அவற்றின் வலுவை எல்லைவரை சோதித்தவர். 1925இல் அவ்வாறு வலுவேற்றிய தோட்டாவால் அவருடைய .45 ரிவால்வர் வெடித்துச் சிதறியது. .44 துளையுள்ள உருளையில் அறைகளுக்கிடையே சுவர் தடிமனாக அமையும் என்பதால், அதன் பிறகு அவர் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். தோட்டாவின் வலு கூடக் கூட, மேழி வடிவப் பிடியின் உருளும் இயல்பே அதன் குறையாகவும் மாறியது: காப்பு வளையத்தின் பின்புறம் நடுவிரல் கணுவில் வந்து மோதியது.

ஹரால்ட் கிராஃப்ட் என்ற ஆர்வலர் 1928இல் ஓரிகனின் டர்க்கி என்னும் சிற்றூருக்குத் தம் ரிவால்வர்களுடன் வந்து கீத்துடன் பல வகைத் திருத்தங்களைச் சோதித்தார். கிராஃப்டின் துப்பாக்கிகள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிடப்பட்டிருந்ததால், அந்த ஆய்வின் விளைவாகக் கீத் செய்வித்துக்கொண்ட ரிவால்வர் ஐந்தாம் எண் எனப்பட்டது. 1929இல் அமெரிக்கன் ரைபிள்மேன் இதழில் அவர் எழுதிய கட்டுரை அதனை நாடெங்கும் அறியச் செய்தது. பிஸ்லியின் உயர்ந்த பின்பட்டையைத் திருத்தி, சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் முன்பட்டையோடும் காப்பு வளையத்தோடும் இணைத்ததே அதன் பிடி. கோல்ட்டின் பிடி தனித்தனித் துண்டுகளால் ஆனது என்பதாலேயே இத்தகைய கலப்பு சிந்திக்கத்தக்கதாயிற்று. கையைத் தாங்கும் பின்புறம் பிஸ்லியிடமிருந்தும், விரல்கள் இயல்பாக அமரும் முன்புறம் பழைய வடிவிடமிருந்தும் வந்ததால், ஒற்றைச்செயல் ரிவால்வரின் வரலாற்றில் இந்தப் பிடியையே மிகச் சிறந்த சிந்தனை என்று கருதத் தோன்றுகிறது. போருக்கும் போட்டிக்கும் அன்றி, முழு வலுத் தோட்டாவைக் காட்டில் சுடும் ஒருவரின் கையை முன்வைத்து வரையப்பட்ட வடிவம் அது.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கோல்ட் நிறுவனம் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் தயாரிப்பை நிறுத்திவிட, போருக்குப் பிந்தைய தொலைக்காட்சிக் கௌபாய்க் கதைகளோ அதே துப்பாக்கிக்கான விருப்பத்தைப் பெருக்கின. இந்த இடைவெளியை 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் நிரப்பியது. வில்லியம் ரூகர் 1953இல் வெளியிட்ட சிங்கிள் சிக்ஸும் 1955இல் வெளியிட்ட பிளாக்ஹாக்கும் கோல்ட்டின் பிடி அளவையே பின்பற்றின. ஆனால் கீத் பல்லாண்டு வலியுறுத்திய .44 மேக்னம் தோட்டா வந்து, 1956இல் அதே சிறு பிடியுள்ள பிளாக்ஹாக்கில் ஏற்றப்பட்டபோது நிலைமை மாறியது. பழைய .45 குண்டுக்கு நிகரான எடையை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் உந்தும் தோட்டாவுக்கு, கரும்பொடிக் காலத்துப் பிடி போதவில்லை. 1959இன் சூப்பர் பிளாக்ஹாக் நீண்ட எஃகுப் பிடியையும், கோல்ட்டின் பழைய டிரகூன் ரிவால்வரை நினைவூட்டும் சதுரப் பின்புறமுள்ள காப்பு வளையத்தையும் பெற்றது. நீளம் சுண்டுவிரலுக்கு இடம் தந்தது. சதுர வளையமோ நடுவிரல் கணுவை மேலும் கடுமையாக இடித்தது என்பதே பலருடைய அனுபவம். தோற்றத்துக்காகச் சேர்த்த ஒரு கோணம் கைக்குத் தண்டனையாக முடிந்தது வருந்தத்தக்கது.

ரூகர் 1980களின் நடுப்பகுதியில் பிஸ்லி என்ற பெயரிலேயே வெளியிட்ட பிடி, 1894இன் வடிவைக் காட்டிலும் நேராகவும் வளையத்துக்குப் பின்னே கூடுதல் இடத்தோடும் அமைந்து, கீத்தின் ஐந்தாம் எண்ணுக்கே நெருங்கியிருந்தது. வயோமிங்கின் ஜான் லைன்பா தம் .500 தோட்டாவுக்கான ரிவால்வர்களை இந்தப் பிஸ்லிச் சட்டத்தின் மேல் கட்டினார். டெக்சஸ் லாங்ஹார்ன் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பில் குரோவர் ஐந்தாம் எண்ணையே திருத்தி மீண்டும் தயாரித்தார். எனினும் மேழி வடிவம் தோற்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. அதே வயோமிங்கில் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்த .454 கசூல் ரிவால்வர், .44 மேக்னத்தை மிஞ்சும் வலுவுடையதாயினும், கோல்ட்டின் வளைவைச் சற்றே திருத்திய பிடியையே கொண்டது. துப்பாக்கியை உருளவிடப் பழகிய கைகள் அதில் குறை காண்பதில்லை.

வடிவத்தோடு பிடியின் பொருளும் சேர்ந்தே வேலை செய்கிறது. மேழிப் பிடி உருள வேண்டுமானால் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகச் செதுக்கிய சொரசொரப்பு வலுவான தோட்டாவில் தோலை அராவிவிடும், மென்ரப்பரோ உருளலையே தடுத்து அந்த வடிவத்தின் பயனைக் கெடுக்கும். வால்நட் மரம், கடின ரப்பர், தந்தம் ஆகியவற்றோடு இந்தியக் கடமான் கொம்பும் நெடுங்காலம் விரும்பப்பட்டது. மான்கொம்பு ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபின் பழைய இருப்பு அரிதாகி விலையேறிவிட்டது.

வேட்டைக்காரர் இவற்றுள் ஒன்றைத் தேரும்போது அழகையும் பெயரையும் பின்னுக்குத் தள்ளுவது நல்லது. ஏனெனில் வலிக்கு அஞ்சிச் சுடும் கணத்தில் கை சுருங்கினால் குண்டு உயிர்நிலை தவறி விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். .45, .44 ஸ்பெஷல் போன்ற மிதமான தோட்டாக்களுக்கும் சிறிய கைகளுக்கும் மேழி வடிவமே இன்றும் போதும்; .44 மேக்னத்திலும் அதற்கு மேலும் கனத்த குண்டுகளைச் சுடுபவருக்குப் பெரும்பாலும் பிஸ்லி வடிவமே கை கொடுக்கும். கடையில் கையிலேந்திப் பார்ப்பது மட்டும் போதாது. நடுவிரல் கணுவுக்கும் வளையத்துக்கும் இடையே இடைவெளி உள்ளதா என்று பார்த்து, வேட்டையில் பயன்படுத்தப்போகும் தோட்டாவையே ஏற்றிச் சுட்டுப் பார்த்த பிறகே பிடியை முடிவு செய்ய வேண்டும்.