வேணும்னு இடிக்கல சார்

புந்தோங்கில் ஒரு பள்ளித் திடல். சாப்ட்பால் ஆட்டத்துக்கு என்னை நடுவராக நிற்க வைத்திருந்தார்கள். முதல் பேஸிலிருந்து இரண்டாவதுக்கு ஓடிய சிறுமி, அடிபட்டு உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தவள்மேல் மோதிவிட்டாள். அவுட் கொடுத்தேன். "நான் வேணும்னு இடிக்கல சார்" என்று அழுதாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அடித்த பந்தை எடுக்க வருகிறவருக்கு, ஓடுகிறவர்தான் வழிவிட வேண்டும். பேஸ்பாலிலும் இதே விதிதான். மனசில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த 'வேணும்னு' பழைய தகராறு. கிரிக்கெட்டின் 1744ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். பந்து மேலே எழும்பினால், மட்டையாளர் தன் ஓடுபாதைக்குள் நின்று கேட்சைத் தடுக்கலாம். கையால் தொடக்கூடாது, அவ்வளவுதான்! அந்த உரிமை பிறகு பறிபோனது. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிய பேஸ்பால் விதிகளோ, எதிரணி பந்தைப் பிடிக்க விடாமல் தடுத்த ஓட்டக்காரரை அவுட் என்றன. நோக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எறிந்த பந்து என்றால் கதை வேறு. அங்கே வேண்டுமென்றே தடுத்தாரா என்று பார்க்க வேண்டும். 1978 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் பில் ரசல் இரண்டாவது பேஸை மிதித்துவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தார். ஏற்கெனவே அவுட்டாகி நடுவழியில் நின்ற ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பட்டுப் பந்து திசைமாறியது. யாங்கீஸுக்கு ஓர் ஓட்டம் கிடைத்தது. டாமி லசோர்டா கத்திப் பார்த்தார். நடுவர்கள் அசையவில்லை. யாங்கீஸ் 4-3 என்று வென்றது. அந்த இடுப்பு தானாக அசைந்தது என்று நான் நம்பவில்லை.

கிரிக்கெட் விதியில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லே இருந்தது. 1951இல் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லென் ஹட்டன் மேலே எழும்பிய பந்தை விக்கெட்டைக் காக்க இரண்டாவது முறை தட்டினார். அதனால் கேட்சைப் பிடிக்க முடியாமல் போனவர் விக்கெட் காப்பாளர் ரசல் எண்டீன். தட்டியது வேண்டுமென்று, தடுத்தது வேண்டுமென்றா? நடுவர் டாய் டேவிஸ் விரலைத் தூக்கிவிட்டார். 1957இல் அதே எண்டீன் கேப்டவுனில் பந்தைக் கையால் தள்ளி அவுட்டானார். விதிக்குக் குறும்பும் தெரியும்போல.

அந்தச் சிறுமிக்கு இன்றும் நான் அவுட்தான் கொடுப்பேன். அதற்கு முன்னால் "நீ பொய் சொல்லலம்மா" என்று சொல்லியிருக்கலாம். அன்று விசிலை வாயில் வைத்தபடி அடுத்த பந்துக்குக் கையைக் காட்டிவிட்டேன்.